தம்கட்டியும் நாலு பேச்சிகளும்

போடிநாயக்கனூரில் ஒழுங்காக மூச்சு விடுகிறவன் தான் ஒருவன் மட்டுமே என்று சொல்லித் திரிந்தான் தம்கட்டி. மற்ற நாங்களெல்லாம் சும்மா உயிரோடு இருக்கிறோமாம். இவனைவிட எரிச்சல் மூட்டுகிற மனுஷனை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

தொழில் தையல். கடைத்தெரு முக்கில் ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி. அதற்கு முன்னால் ஏதோ நாடகக் கம்பெனியில் இருந்தானாம். சட்டைக்கு அளவு கொடுக்க நின்றால், "தம் கட்டுங்கண்ணே, நெஞ்சுல இல்ல, வயித்துல" என்பான். முழு மூச்சையும் இழுத்து நிறுத்திய பிறகுதான் டேப்பைச் சுற்றுவான். எந்த டெய்லராவது அப்படி அளவெடுப்பானா? அவன் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சை விட்டால், உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம். ஏலக்காய் வியாபாரி ஒருத்தர் சட்டையைக் கழற்றி அவன் மூஞ்சியிலேயே வீசினார்.

"சட்டை சரியாத்தேன் இருக்கு மொதலாளி. நீங்கதேன் சுருங்கிட்டீங்க" என்றான். கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்தான்.

நான் எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போவேன், ஏலக்காய் மூட்டை ஏற்றி வருவேன். மாநில எல்லை பிரிக்கும் சமயம், தேவிகுளம், பீர்மேடு எங்களுக்கே என்று ஊரே கத்திக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் அதற்கும் மேலே கத்துவேன். மாடு குறுக்கே வந்தால் கத்துவேன். லோடு சரிந்தால் கத்துவேன். கோபம் ஏறினால் என் குரல் கீச்சென்று மேலே போய்விடும், கோழியை மிதித்த மாதிரி. ஒருநாள் ரசம் ஆறிப்போனதற்கு, என் மனைவியைப் பார்த்து, அவள் அண்ணன் முன்னாலேயே கத்தித் தீர்த்தேன். அண்ணன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு அண்ணனோடு சிலமலையில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு தடவை கூப்பிடப் போனேன். இரண்டு தடவையும் வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மாமனார் ஆள் விட்டுச் சொன்னார்: ஆடி முடிந்ததும் ஊரைக் கூட்டித் தீர்த்துவிடுவோம். அதாவது, அதோடு அவள் எனக்கு மனைவி இல்லை.

ஜீப் சீட்டுக்கு உறை தைக்கப் போன இடத்தில் இதைப் புலம்பினேன். தம்கட்டி என்னைவிட நாலு வயசு இளையவன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நீங்க அங்க போகவே இல்லையேண்ணே" என்றான்.

"ரெண்டு தடவ போனேன்டா."

"ஒங்க தொண்டைதேன் போயிருக்கு. ஆளு போகல."

அறையலாம் போல இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் அவன் கடைத் தரையில் மல்லாந்து கிடந்தேன். வயிற்றின் மேல் இஸ்திரிப் பெட்டி. மூச்சை இழுத்தால் பெட்டி ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும். மூன்றாம் நாள், பெட்டிக்குள் கங்கு கிடப்பதை மறந்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து ஓடி வந்தார். தம்கட்டியோ பூரித்துப்போனான். "இதாண்ணே. இது வயித்துல இருந்து வந்துச்சு."

அடுத்து, நிற்கப் பழக்கினான்.

"நிக்கிறதுல என்னடா பழக்கம்?"

"நீங்க எங்கண்ணே நிக்கிறீங்க? அடுத்த எடத்துக்குப் பறக்குறீங்க."

அது உண்மைதான். ஒரு இடத்தில் நின்றால் எனக்குக் கால் அரிக்கும். மலை ரோட்டு வளைவில், ஆடிக் காற்றில், இரண்டு பாதமும் பதிய நிற்கச் சொன்னான். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. "அசையாதீங்க, பஸ்சு வெலகிப் போகட்டும்" என்றான். மலை ரோட்டில் பஸ் எங்கே விலகும்? கண்டக்டர் இறங்கி வந்து, "ரெண்டு பேருக்கும் சாமி வந்திருக்கா, இல்ல ஒருத்தருக்குத்தானா?" என்று கேட்டார்.

கடைசியாகக் குரல். போடிமெட்டுக்கு மேலே, இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஒரு பள்ளம். எதிர்ச் சரிவில் பெண்கள் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் அந்தப் பக்கம் போகணும். ஆனா கத்தக்கூடாது. ஒங்க வீட்டுக்காரம்மா பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் 'ஏய்', 'இந்தா', 'அடியே' இவற்றைத் தாண்டி அவளைக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் எவன் பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்? வெட்கம் பிடுங்கித் தின்றது. காலைப் பதித்தேன். மூச்சை வயிற்றில் நிறுத்தினேன்.

"பேச்சி."

குரல் பள்ளத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் இறங்கியது. எதிரே நாலு தலைகள் நிமிர்ந்தன.

"எந்தப் பேச்சியக் கூப்புடுறீக? இங்க நாலு பேரு இருக்கோம்" என்றாள் ஒருத்தி.

எங்கள் சீமையில் பெண்களில் பாதிப் பேர் பேச்சிதான். அதை அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. "என்னையக் கட்டுனவன்கூட இம்புட்டுப் பாசமாக் கூப்புட்டதில்லடி" என்றாள் அவர்களில் மூத்தவள். கங்காணி கம்போடு எங்களை நோக்கி இறங்கி வர, ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு ஓடினோம்.

ஆடி கடைசி நாள் சிலமலைக்குப் போனேன். கூப்பிடாமலே அவனும் ஏறிக்கொண்டான். ஜீப்பைக் கண்டதும் தெரு கூடியது. "கீச்சு மாப்ள வந்துட்டாருய்யா" என்றான் அவள் அண்ணன். மாமனார் வாசலை மறித்து நின்றார். பாதம் மறந்தது, வயிறு மறந்தது, கோபம் மட்டும் தொண்டைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது மாமனாரின் கண் என்னைத் தாண்டிப் போனது. திரும்பினேன். வாசலுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி தம்கட்டி நின்றான். சும்மாதான் நின்றான். பேசவில்லை, விரலைக்கூட அசைக்கவில்லை. கூடிய சனம் மொத்தமும் வாயைப் பிளந்து அவனையே பார்த்தது.

"யாருப்பா அது, தாசில்தாரா?" என்று மாமனார் இறங்கிப் போனார். அவள் அண்ணனும் பின்னாலேயே போனான். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. உள்ளே போனேன். அடுப்படி வாசலில் அவள் நின்றாள்.

"பேச்சி" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது. எனக்கே கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது. "எனக்கொரு பேரு இருக்குண்டு இப்பத்தேன் தெரிஞ்சுச்சா?"

"தப்புத்தேன்."

"இனிமே கத்த மாட்டீகளா?"

"பொய் சொல்ல மாட்டேன். மாட்டப் பாத்துக் கத்துவேன். ஒன்னையப் பாத்துக் கத்த மாட்டேன்."

உள்ளே போய்த் துணி மூட்டையை எடுத்து வந்தாள். "அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கிறேன். போயி ஜீப்பக் கெளப்புங்க, வெரசா."

திரும்பும் வழியில், பேச்சி என் பக்கத்தில் இருக்க, பின்சீட்டிலிருந்து தம்கட்டி கேட்டான். "கொரலு எங்கருந்துண்ணே வந்துச்சு?"

"எங்கருந்தும் வரலடா. காத்துதேன் வந்துச்சு."

அவன் முகம் தொங்கிப்போனது. பாவமாக இருந்ததால், "நீ எப்படிடா அப்படி நின்ன?" என்று கேட்டேன்.

"கம்பெனில வாயில்காப்போன் வேசம்ணே. வசனம் கெடையாது. ஈட்டியப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். சனம் ராசாவ விட்டுட்டு என்னையப் பாக்குதுண்டு தொரத்திவிட்டாய்ங்க."

அடுத்த மழைக்குள் கடையைக் காலி செய்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை, திமிர் பிடித்தவன். கம்பம், மூணாறு, மதுரை என்று லோடு போன ஊர்களிலெல்லாம் டெய்லர்களிடம் விசாரித்தேன். "ஆளு பேரு என்ன?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் எந்த ஊரிலாவது தையல் மெஷின் சத்தம் கேட்டால், உள்ளே எட்டிப் பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.