மண்மலைக்கு வந்த இரண்டு விருந்தாளிகள்

பிரான்சில் இருக்கும் என் அருமை மைத்துனன் மிமூனுக்கு, உன் அக்காள் கணவன் பாஸ்ஸு எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் அமைதி உன் மீதும் உன் வீட்டார் மீதும் நிலைக்கட்டும். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலமா என்றால், அது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய குரல் செய்தியை உன் அக்காள் இத்தோ அடுப்படியில் வைத்துச் சத்தமாகப் போட்டாள். “அத்தான், நம்ம மண்மலை முழுக்க வெள்ளியாமே! எங்கப்பா முதுகு ஒடியச் சுமந்து கொட்டுன மண்ணு அது. ஊருக்குப் பணம் வந்துருச்சுன்னு இங்க காபிக் கடையில எல்லாரும் பேசிக்கிறாங்க. என் பங்கு எங்க?” என்று கேட்டிருந்தாய். கேட்க உனக்கு உரிமை உண்டு. நானும் ஊர்ச் சங்கத் தலைவன். ஊரில் டை வைத்திருப்பவன் நான் ஒருவனே என்பதால் தலைவன் ஆனவன். ஆகவே நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

சுரங்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் நமக்கு விட்டுப்போனது, ஈயம் எடுத்தபின் கொட்டிய அந்தச் சாம்பல் நிற மண்மலையும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்றும் சந்தைக்குப் பின்னால் இரண்டுமாக வாயைப் பிளந்து கிடக்கும் குழிகளும்தான். போன வசந்தத்தில் ஸைதுவின் மகள் தாமூ பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குழிக்குள் சறுக்கி, புத்தகப் பையின் வார் ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டதால் உயிர் பிழைத்தாள். அன்றிலிருந்து நம் வாத்தியார் அப்துல்வாஹிதுக்குத் தூக்கம் போயிற்று. அவர் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்று தலைநகரில் ஒரு நிதியம். கைவிட்ட சுரங்கங்களைச் சீராக்க இனாமாகவே பணம் தருமாம், ஆனால் ஜனங்கள் போதுமான அளவு ஆபத்தில் இருக்க வேண்டுமாம். மற்றது ஒரு கம்பெனி. பழைய மண்ணைத் திரும்பக் கழுவி மிச்சமிருக்கும் வெள்ளியை எடுத்துக்கொண்டு மலையையும் கரைத்துவிடுமாம், ஆனால் அதற்குக் கடன் கொடுக்கும் வங்கி, ஆபத்தே இல்லாத ஊராகப் பார்த்துத்தான் கொடுக்குமாம். ஆகவே வாத்தியார் முதல் விண்ணப்பத்தில் நாமெல்லாம் செத்துக்கொண்டிருப்பதாகவும், இரண்டாவதில் நம்மைப் போல் திடகாத்திரமான ஜனங்கள் அட்லஸ் மலைத்தொடரிலேயே கிடையாது என்றும் எழுதினார். இரண்டுமே அருமையான பிரெஞ்சு.

வெவ்வேறு வாரங்களில்தான் வருவதாக இருந்தார்கள். ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை அடைத்ததில், பாலம் திறந்த அன்றே இரண்டு ஜீப்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் வந்துவிட்டன. விருந்து வைக்கத் தக்க வீடு நம் வீடு ஒன்றுதான். நிதியத்துப் பெண்மணி சுகைனாவை மாடியில் உட்காரவைத்தேன், கம்பெனிக்காரர் பெர்ராதாவைக் கீழே உட்காரவைத்தேன். நடுவில் படிக்கட்டில் நான், டையைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக. மாடியில் இருமிக் காட்ட நம் ஹம்முவை ஏற்பாடு செய்திருந்தேன். அவன் நெஞ்சில் இருபது வருஷச் சுரங்கத் தூசி இருக்கிறது, நடிக்கவே வேண்டியதில்லை. ஆனால் மாடியில் அவனுக்கு இருமல் வரவில்லை. வெட்கத்தில் முகம் சிவந்து, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். “நல்ல ஆரோக்கியமா இருக்கீங்களே” என்றார் அந்தப் பெண்மணி. தேநீர்த் தட்டைக் கொடுத்து அவனைக் கீழே அனுப்பினேன். அங்கே பெர்ராதாவின் எதிரில் குனிந்தவன், கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் தட்டில் ஆடும்படி இருமத் தொடங்கிவிட்டான்.

“ஹம்மு அண்ணே, மேல போனா இருமு, கீழ வந்தா சிரி. இது கூடவா நெனவு இருக்காது?” என்று இத்தோ அடுப்படியிலிருந்து பல்லைக் கடித்தாள்.

“நான் என்ன புள்ள பண்றது? இந்த இருமலும் பேங்க்குக் கடன் மாதிரிதான். வேணுங்கறப்ப வராது” என்றான் ஹம்மு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இதற்குள் கை கழுவக் கீழே இறங்கிய சுகைனா, பெர்ராதாவைப் பார்த்துவிட்டார். எனக்கு உயிரே போயிற்று. ஆனால் இருவரும் பள்ளித் தோழர்கள் போலக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆறு வருஷமாக ஒரே மாநாடுகளில் சந்திப்பவர்களாம். “நீங்க முதல்ல பணம் போட்டா நாங்க பின்னாலேயே வருவோம்” என்றார் ஒருவர். “ஐயோ, அது மரியாதை இல்ல, நீங்க முதல்ல” என்றார் மற்றவர். வாசற்படியில் சம்பந்திகள் நிற்பதுபோல் நின்றார்கள். அதற்குள் இத்தோ ஆட்டுக்கறியும் ஏழு காயும் போட்ட குஸ்குஸ் தாம்பாளத்தை நடுக்கூடத்தில் வைத்தாள். அதே நேரத்தில் மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. அதுதான் உனக்குத் தெரியுமே, பள்ளி விடும் நேரத்துக்குத் தவறாமல் வரும் காற்று. கதவு திறந்துகொண்டது. தாம்பாளத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று படிந்தது. எல்லோர் கரண்டியும் நின்றது. பெர்ராதா விரலால் தொட்டு, “இதுல வெள்ளி கணிசமா இருக்கும்” என்றார். சுகைனா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, “ஈயமும்” என்றார்.

“நாங்க தினம் திங்கறதுதான். சாப்பிடுங்க, ஆறிப்போயிடும்” என்றாள் இத்தோ.

யாரும் சாப்பிடவில்லை. ஆனால் உண்மை வெளியே வந்துவிட்டது, மிமூன். மண்ணில் வெள்ளி இருப்பதால் இது வியாபாரம், கம்பெனிதான் செலவழிக்க வேண்டும் என்று அந்தப் பெண்மணி முடிவு செய்தார். மண்ணில் விஷம் இருப்பதால் இது தர்மம், நிதியம்தான் செலவழிக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர் முடிவு செய்தார். இருவரும் நல்ல மனதோடு ஒரே ஜீப்பில் பேசிக்கொண்டே போனார்கள். குஸ்குஸை நாங்கள்தான் நான்கு நாள் தின்றோம்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து ஒரு கூட்டு நிதி தொடங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. அதன் முதல் கட்டம், மலையடியில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை. அதற்கு அஸ்திவாரம் போட இரண்டு லாரி சிமெண்ட் வந்தது. இரண்டு லாரி! பலகைக்கு! ஊரே நின்று பார்த்தது. மறுநாள் மதியம் வேலையாட்களையெல்லாம் இத்தோ சாப்பிடக் கூப்பிட்டாள். அவர்கள் தின்று முடித்துத் தேநீருக்கு உட்கார்ந்த நேரத்துக்குள் ஊர்ப் பெண்கள் கழுதைகளில் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சேர்த்துவிட்டார்கள். ஹம்மு அங்கங்கே இருமி உட்கார்ந்துகொண்டே, பழைய தண்டவாளங்களைக் குழியின் வாயில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டான். வாத்தியார் தன் ஒரே கோட்டோடு கலவை குழைத்தார். பலகை வேலையின் மேஸ்திரி வந்து பார்த்தார். ஸைதுவின் மகள் தாமூ குழியிலிருந்து தள்ளியே நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். “தண்ணி கொஞ்சம் கம்மி பண்ணுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பலகையை மிச்ச சிமெண்டில் நட்டார்கள். முதல் காற்றிலேயே அது விழுந்தது. காரணம் கேட்டுக் கூட்டு நிதியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. எனக்குப் பொய் எழுத வராது, வாத்தியாருக்கும் இனி எழுத மனமில்லை. ஆகவே தலைவர் பதவியிலிருந்து இன்று விலகிவிட்டேன். மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது, பணம் எதுவும் வரவில்லை, வரவும் வராது. நீ வேலையை விட்டுவிட்டு இங்கே ஓடி வரவேண்டாம்.

உன் பெற்றோருக்கு அல்லாஹ் அருள் செய்வானாக. உன் மனைவிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம்.

இப்படிக்கு,
பாஸ்ஸு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சுகைனா தொலைபேசியில் கூப்பிட்டார். மூடிய குழியின் படம் எப்படியோ அவர்கள் ஆண்டறிக்கையில், கூட்டு நிதியின் முதல் வெற்றி என்று அச்சாகிவிட்டதாம். சிமெண்ட் அவர்களுடையது, மறுக்கவும் முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்களாம்; ‘முன்பு எப்படி இருந்தது’ என்று காட்டப் படம் இல்லையாம்; ஒரு மணி நேரம் மட்டும் குழியைத் திறந்துவைக்க முடியுமா என்று கேட்டார். இத்தோ என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, “திறக்கலாம்மா, அதுக்கென்ன. திரும்ப மூட நாலு லாரி சிமெண்டு ஆகும், முன்கூட்டியே அனுப்பிருங்க” என்றாள். அனுப்புகிறார்கள்! அந்தக் குழியை யாரும் தொடப்போவதில்லை. சந்தைக்குப் பின்னால் இன்னும் இரண்டு குழிகள் திறந்தே கிடக்கின்றன, வேண்டிய மட்டும் படம் எடுத்துக்கொள்ளட்டும்; நாலு லாரியும் அவற்றை மூடத்தான். ஆகவே நான் விலகியதாக எழுதிய வரியை அடித்துவிட்டுப் படி. நீ வரவேண்டாம் என்ற வரியையும். லாரி அடுத்த மாதம் முதல் புதன்கிழமை வருகிறது. தண்டவாளம் தூக்க ஆள் போதாது. செவ்வாய்க்குள் வந்து சேர்.