சீற் பெல்ட் போட்ட பியர்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீட்டில காய்ச்சின பியரை ஸ்பிரிங்வேலில இருக்கிற மச்சான் வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிறது.

அவ்வளவுதான்.

மச்சான் எண்டது மனிசியின்ர தமையன், யூட். புது வீடு வாங்கி, அண்டைக்குக் குடிபூரல். ஃபாதர் வந்து வீடு மந்திரிப்பார், பிறகு சாப்பாடு. மனிசி விடியவே பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு சமையலுக்கு உதவப் போயிட்டா. போகேக்க வாசல்ல நிண்டு கேட்டா:

"அந்த ஒண்டையாவது ஒழுங்காச் செய்வீங்களோ?"

"இதென்ன கேள்வியப்பா? கிளென் வேவர்லியில இருந்து ஸ்பிரிங்வேல், கால் மணித்தியால ஓட்டம். சந்திரனுக்கே போறன்?"

லொக்டவுன் நேரம் அயலட்டை எல்லாம் பாண் சுட, நான் பியர் காய்ச்சத் தொடங்கினனான். "காய்ச்சுறன் எண்டு மட்டும் வெளியில சொல்லாதேங்கோ, சனம் கசிப்பு, கள்ளச் சாராயம் எண்டு நினைக்கும்" எண்டு மனிசி அப்பவே சொன்னவ. நான் கேட்கேல்ல. காணிற ஆக்களுக்கெல்லாம் சொன்னன். யூட் மச்சானுக்கு நாலு மடங்கு சொன்னன்.

"மச்சான், ஒரு போத்தலும் வாங்கக்கூடாது! ஒரு கெக் நிறையக் கொண்டு வாறன். குடிச்சா நீ கடைப் பக்கமே போகமாட்டாய்."

பாவம், அந்தாள் நம்பிச்சுது. நாப்பது பேரைக் கூப்பிட்டுப்போட்டு ஒரு போத்தலும் வாங்கேல்ல.

கெக் எண்டா பெரிய விஷயமில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேல உயரத்தில ஒரு ஸ்ரீல் உருளை. உள்ளுக்குப் பியர், அதுக்கு மேல காஸ். ஒரு குழாய், குழாயின்ர நுனியில திறந்து மூடுற சின்னப் பிளாஸ்ரிக் பைப். பெருவிரலால அமத்தினாப் பியர் வரும். விட்டா நிக்கும்.

வெளிக்கிடேக்க எனக்கு ரெண்டு ஞானம் பிறந்தது.

ஒண்டு, நுரை வடிவா வரட்டும் எண்டு காஸை இன்னும் கொஞ்சம் கூட்டி விட்டன்.

ரெண்டு, அங்க போய் ஏன் மினக்கெடுவான் எண்டு குழாயைக் கழட்டாமல் அப்பிடியே கொண்டு போனன்.

டிக்கியில வைச்சா உருளும் எண்டு கெக்கை முன் சீற்றில, எனக்குப் பக்கத்தில இருத்தினன். காரை ஸ்ராட் பண்ணினா 'கீங் கீங்' எண்டு ஒரே சத்தம். பக்கத்தில ஆரோ பெல்ட் போடாமல் இருக்கினமாம்! சரி, கெக்குக்கும் சீற் பெல்ட் போட்டு விட்டன். சத்தம் நிண்டுது. கெக்கும் மரியாதையான பெரிய மனிசன் மாதிரி நேர இருந்துது.

முதலாவது ரவுண்டபவுட் வரைக்கும்.

நான் வளைக்க, பெரிய மனிசன் என்ர பக்கம் சாஞ்சார். அந்தப் பிளாஸ்ரிக் பைப் கெக்குக்கும் ஹாண்ட் பிரேக்குக்கும் இடையில போய் இறுகிச்சுது. அமத்தினாப் பியர் வரும் எண்டு சொன்னன் தானே?

வந்துது!

நேர என்ர மூஞ்சையில. கண்ணுக்குள்ள, மூக்குக்குள்ள, 'ஐயோ' எண்டு திறந்த வாய்க்குள்ள. நடு ரவுண்டபவுட்டில நிப்பாட்டவும் ஏலாது. பின்னால ஒருத்தன் ஹோர்ன் அடிக்கிறான். ஒரு கையால குழாயைப் பிடிச்சு அதின்ர வாயைப் பொத்தினன். அது விரலுக்கால பிரிஞ்சு காரின்ர கூரைக்கு அடிச்சுது. கூரையில பட்டு என்ர தலையில மழை மாதிரிக் கொட்டிச்சுது.

கண்ணாடிக்கு வைப்பரைப் போட்டன். அது வெளிப்பக்கம் எண்டது பிறகுதான் விளங்கிச்சுது.

ஒருமாதிரி ரவுண்டபவுட்டைத் தாண்டி ஓரமா நிப்பாட்டி, பைப்பை இழுத்து எடுத்தன். சேர்ட், காற்சட்டை, சீற், எல்லாம் தொப்பு. நல்லூர்த் தேர்த் திருவிழாவில தண்ணிப் பந்தல் தலையில கவிண்ட மாதிரி நான். வீட்ட திரும்பி உடுப்பு மாத்துவம் எண்டா, ஃபாதர் வாற நேரம். சரி, யூட்டிட்ட ஒரு சேர்ட் வாங்கிப் போடுவம் எண்டு கண்ணாடியை எல்லாம் இறக்கிப்போட்டு, அந்தக் குளிருக்குள்ள நடுங்கிக்கொண்டு ஓடினன்.

பெரிய ரோட்டுக்குத் திரும்பினன்.

மஞ்சள் கோன். நீலமும் சிவப்புமா லைற். வரிசையாப் பொலிஸ்.

குடிச்சுப்போட்டுக் கார் ஓடுறவையைப் பிடிக்கிற செக்கிங்!

நான் ஒரு சொட்டும் குடிக்கேல்ல. ஆனால் நூறு மீற்றருக்கு அங்கால நிக்கிற நாய்க்கும் என்னை மணக்கும். திரும்பினாத் துரத்துவாங்கள். போனன்.

இளம் பொலிஸ்காரன் ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு குனிஞ்சான்.

"ஹவ் யு கோயிங், மேட்..."

அதோட அவன்ர சிரிப்பு நிண்டுது. மூக்கைச் சுருக்கினான். ஒரு மெஷினை என்ர வாய்க்குக் கிட்ட நீட்டி, ஒண்டில இருந்து பத்து வரைக்கும் எண்ணச் சொன்னான்.

இருவது வருஷமா இந்த நாட்டில இங்கிலிஷில வேலை செய்யிற எனக்கு, அந்த நேரம் ஒரு இங்கிலிஷ் எழுத்தும் வரேல்ல.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

நாலு சொல்ல முதல் மெஷின் கத்திச்சுது.

லைசென்சை வாங்கிக்கொண்டு, காரை ஓரமா விட்டு இறங்கச் சொன்னாங்கள். ஒரு பொலிஸ்காரி வந்தா, கொஞ்சம் வயசான ஆள். எவ்வளவு குடிச்சனீர் எண்டு கேட்டா.

"ஒண்டும் இல்லை மேடம். எல்லாம் வெளியாலதான். உள்ளுக்குப் போகேல்ல."

அவ போய்க் காருக்குள்ள எட்டிப் பாத்தா. கன நேரம் பாத்தா. பிறகு மற்ற ரெண்டு பேரையும் கை காட்டிக் கூப்பிட்டா. மூண்டு பேருமாச் சேந்து சீற் பெல்ட் போட்டிருக்கிற கெக்கைப் பாத்தினம்.

"பரவாயில்லை, உம்மோட வந்தவர் சட்டப்படிதான் வந்திருக்கிறார்" எண்டா.

வாயில பட்ட பியருக்கும் மெஷின் கத்துமாம். ஒரு போத்தில் தண்ணி தந்து, வாயைக் கொப்பளிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் நில்லும், திருப்பிப் பாப்பம் எண்டா. நான் ரோட்டோரத்தில, தலையால பியர் வடிய, தண்ணியைக் கொப்பளிச்சுத் துப்பிக்கொண்டு நிண்டன்.

அப்பதான் ஒரு வெள்ளைக் கார் மெதுவா ஊர்ந்து வந்துது.

ஓட்டினது ஃபாதர். பக்கத்தில பிலோமினா அன்ரி, எங்கட கோயில் செபக் குழுவின்ர தலைவி. யூட் வீட்டுக்குத்தான் போகினம்.

ஃபாதர் என்னைப் பாத்தார். பொலிஸ்காரியைப் பாத்தார். நான் துப்பினதைப் பாத்தார்.

நான் கையை ஆட்டி, "ஃபாதர், நான் குடிக்கேல்ல!" எண்டு கத்தினன்.

ஃபாதர் கண்ணாடியை இறக்காமல், என்னை நோக்கிக் கையைத் தூக்கிச் சிலுவை அடையாளம் போட்டார். போட்டுட்டு அப்பிடியே போயிட்டார்.

அன்ரியின்ர காதில அப்பவே போன்.

கொஞ்ச நேரத்தால திருப்பி மெஷினுக்கு எண்ணிக் காட்டினன். சைபர்! பொலிஸ்காரி சிரிச்சுக்கொண்டு லைசென்சைத் தந்தா.

"நல்ல பியரோ?"

"நல்லாத்தான் இருந்தது" எண்டன்.

மச்சான் வீட்டுக்குப் போய் இறங்கினா, நாப்பது பேரும் வாசல்ல நிக்கினம். மனிசிதான் முன்னுக்கு வந்தா.

"பிணையிலயோ விட்டவங்கள்?"

"ஐயோ இல்லையப்பா, சைபர்! மெஷினில சைபர் காட்டினது!"

"வாசம் பொய் சொல்லாது தம்பி" எண்டா பிலோமினா அன்ரி. மெத்தக் கனிவாச் சொன்னா. அதுதான் எனக்குக் கூட நொந்தது.

யூட் மச்சானுக்கு என்ர மானத்தைப் பற்றிக் கவலை இல்லை. "கெக் எங்க?" எண்டு காருக்குப் பாய்ஞ்சான்.

தூக்கிக்கொண்டு போய்க் குசினியில வைச்சம். ஆம்பிளையள் எல்லாம் கிளாசோட சுத்தி நிக்கினம். நான் பைப்பை அமத்தினன். 'புஸ்ஸ்' எண்டுது. ஒருக்காத் துப்பிச்சுது. இருமிச்சுது. அரைக் கிளாஸ் நுரை வந்துது. அதோட சரி. மிச்சமெல்லாம் காருக்குள்ளயே முடிஞ்சிருந்துது.

அந்த நுரை அடங்கும் வரைக்கும் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டம். அடியில ரெண்டு விரலளவு பியர் தேறிச்சுது. மச்சான் குடிச்சான். கண்ணை மூடினான்.

"உண்மையா நல்லாத்தான் இருக்கு மச்சான்" எண்டான். அழுவான் போல இருந்துது.

பிறகு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, "வா, கடைக்குப் போட்டு வருவம்" எண்டான்.

"நான் வரேல்ல. அந்த ரோட்டால இனி நான் வரமாட்டன்."

அவன்ர சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு மூலையில இருந்து தோடம்பழச் சாறு குடிச்சன். ஒவ்வொருத்தரா வந்து கிளாசை மணந்து பாத்திட்டுப் போச்சினம்.

அடுத்த நாள் ஞாயிறு, தமிழ்ப் பூசை. மன்றாட்டு வாசிக்கப் பிலோமினா அன்ரி மைக்குக்கு வந்தா. உலக சமாதானத்துக்காக வாசிச்சா. நோயாளிகளுக்காக வாசிச்சா. பிறகு ஒருக்காத் தொண்டையைச் செருமினா.

"குடிப்பழக்கத்துக்கு அடிமையாகி, தன் குடும்பத்துக்கு வேதனை கொடுக்கும் எங்கள் சகோதரர் ஒருவருக்காக..."

பேர் சொல்லேல்ல. சொல்லத் தேவையும் இருக்கேல்ல. முழுக் கோயிலும் திரும்பி என்னைத்தான் பாத்தது.

நானும் எல்லாரோடயும் சேந்து சத்தமாச் சொன்னன்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."