தோழர் றஸாக் கதை சொன்ன படம்

படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரமாகியும் திரையின் அடியில் தமிழ் எழுத்து வரவில்லை. குதிரையில் வந்த தாடிக்காரன் ஒருவன் ஸ்பானிய மொழியில் ஏதோ கத்தினான். மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் ஒரு மண்ணும் விளங்கவில்லை.

றஸாக் பின்பக்கம் ஓடினார். படம் காட்டுவதற்குக் கல்முனையிலிருந்து வந்திருந்த பிரகாஸ், நரைத்த மீசையைத் தடவியபடி மடிக்கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன பிரகாஸ், எழுத்து எங்க?"

"வருதில்ல நானா. என்னண்டு தெரியா."

உலகத்தின் எந்த மூலையில் யார் புரட்சி செய்தாலும் சாய்ந்தமருதுக்கு அந்தச் செய்தி முதலில் வந்து சேருவது றஸாக்கின் பெயின்ற் கடைக்குத்தான். தென்னமெரிக்கப் புரட்சித் தலைவர் ஒருவரைப் பற்றிய இந்தப் படத்தை வாசகர் வட்டத்தில் காட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவரே. "நான் ரெண்டு தரம் பார்த்த படம்" என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். இரண்டு தரமும் கால்வாசியில் நித்திரையாகிப் போனதை மட்டும் சொல்லவில்லை.

முன்வரிசையிலிருந்த படகுக்கார முகைதீன்பாவா திரும்பிப் பார்த்தார். "றஸாக், நீ பார்த்த படம்தானே? மைக்கப் புடிச்சிக் கதையச் சொல்லு மனே."

றஸாக் வயிற்றுவலி என்று சொல்லி நழுவியிருப்பார். ஆனால் பெண்கள் பக்கத்தில் ஹாஜறா இருந்தாள். அவருடைய மனைவி, கணக்கு டீச்சர். அவள் வருவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அந்தப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. சண்டை வந்தால் வெளியேறுகிறவன் ஆண்தான். "ஊருக்கெல்லாம் கதைக்கிறீங்க. ஊட்டுக்குள்ள வந்தா ஓம், இல்ல. இந்த ரெண்டு சொல்லுக்கு ஒரு மாப்பிள என்னத்துக்கு?" என்று போன கிழமை ஹாஜறா கேட்டாள். அதற்கும் றஸாக் "ஓம்" என்றார். அன்று பின்னேரமே தலையணையோடு தன் அக்கா, லாத்தா வீட்டுக்குப் போகவேண்டி வந்தது.

அவள் முன்னால் தோற்கக்கூடாது. மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் தாடிக்காரர்தான் தலைவர். ஏழைட காணிய ஏழைக்கே குடுக்கோணும் எண்டு சொல்றார்."

மண்டபம் கைதட்டியது. தட்டி முடியுமுன் தாடிக்காரன் குண்டுபட்டுக் குதிரையிலிருந்து விழுந்தான்.

"தலைவர் மவுத்தாகிட்டாரே! படம் முடிஞ்சா?" என்றார் முகைதீன்பாவா.

"இல்ல மாமா, அது... தலைவர்ர காக்கா, கூடப்பொறந்தவர். தலைவர் இனித்தான் வருவார்."

அடுத்து ஜீப்பில் ஒரு தொப்பிக்காரன் வந்தான். றஸாக் அவசரப்பட்டு அவனைத் தலைவராக்கினார். அவன் இறங்கிக் குடிசைகளுக்கு நெருப்பு வைத்தான்.

"தலைவர் ஏன் ஏழைட குடிசையக் கொளுத்துறார்?"

"பழசக் கொளுத்தினாத்தானே மாமா புதுசு கட்டிக் குடுக்கலாம்."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழும்பியது. ஹாஜறா சிரிக்கவில்லை. அவள் திரையையும் பார்க்கவில்லை, றஸாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மழையில் நனைந்தபடி கண்ணாடி போட்ட மெலிந்த மனிதன் ஒருவன் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவைத் திறந்த பெண் கையைக் கட்டிக்கொண்டு வழிவிடாமல் நின்றாள்.

"இவர்தான் உண்மையான தலைவர்," என்றார் றஸாக், களைத்துப்போய். "அது பொஞ்சாதி."

மெலிந்தவன் நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினான். "என்னவாம்?" என்றார் முகைதீன்பாவா. றஸாக் பெண்கள் பக்கம் பார்த்தார்.

"அவர் சொல்றார்... ஊருலகத்துக்கெல்லாம் வாய் கிழியக் கதைச்சன். உனக்கெண்டு வரக்குள்ள வாயில ஒண்டும் மிஞ்சல்ல. மேடையில நிண்டா எனக்குப் பயமில்ல. உனக்கு முன்னால நிண்டாத்தான் பயம். புள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிச்சிட்டு வந்து, தலையிடியோட எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தாறாய். சோக்கா இருக்கு எண்டு சொல்ல நினைப்பன். தேத்தண்ணி முடிஞ்சிரும், சொல்ல மாட்டன். லாத்தா ஊட்டுத் தேத்தண்ணி தொண்டையால இறங்குதில்ல..."

"தலைவருக்கு லாத்தாவும் இருக்கா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பக்கத்திலிருந்தவர் வாயைப் பொத்தினார்.

"உன்னயப் போல ஒருத்திய வெச்சிக்கிட்டு நான் எங்கயோ போய்ப் புரட்சி தேடின. என்ன மன்னிச்சிக்க," என்று முடித்தார் றஸாக். முகைதீன்பாவா தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் தேவாலய மணி அடித்தது. அதே பெண் வெள்ளை உடுப்போடு வந்தாள். மெலிந்தவன் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போய் வேறொருவனிடம் ஒப்படைத்தான். பாதிரியார் இருவருக்கும் மோதிரம் மாற்றிவைத்தார்.

"அடப்பாவி! பொஞ்சாதிய இன்னொருத்தனுக்குக் கட்டிக் குடுக்கிறானே!"

"அது... பொஞ்சாதி இல்ல மாமா. தங்கச்சி."

"தங்கச்சிட்டயா தேத்தண்ணிக்கு இவ்வளவு மன்னிப்புக் கேட்ட?"

மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. றஸாக் மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பெண்கள் பக்கத்தில் ஹாஜறா எழும்பினாள். சிரிப்பு அடங்கியது.

"அது பொஞ்சாதிதான்," என்றாள். கண் கலங்கியிருந்தது. "அவர் கேட்டது அவக்கு விளங்கிட்டு. படம் முடிய லாத்தா ஊட்டுக்குப் போய்த் தலையணைய எடுத்துக்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

சனம் கலைந்த பின் றஸாக், வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த பிரகாஸின் தோளைப் பிடித்தார். "உன்ட மெசின் பழுதாப் போனதால நான் பட்ட பாட்டப் பார்த்தியா?"

பிரகாஸ் நிமிராமலே சொன்னான்: "மெசின் நல்லாத்தான் இருக்கு நானா, ஹாஜறா டீச்சர்தான் காலையில போன் எடுத்து, 'அந்த எழுத்த நிப்பாட்டி வைங்க, அந்த மனிசன் வாய் திறந்து கதைக்கிறத ஒருக்கா நானும் கேக்கோணும்' எண்டு சொன்னவ."