இல்லாத ரயிலைத் தேடி ஓடியவர்

நாற்காலி எதற்கென்று தெரியாத ஒரே மனிதர் இந்த உலகத்தில் சுடுதண்ணி அண்ணன்தான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எப்போதும் பறப்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. நகரத்தில் எல்.ஆர்.டி. ரயில் பாதையை நீட்டும் வேலையில் சிக்னல், கரண்ட், பிளாட்ஃபார்ம் கதவு எல்லாம் அவர் பொறுப்பு. மெர்போக், திகாம் பத்து ஊர்களிலிருந்து விடிவதற்குள் வேன் ஏறிப் போகும் நாங்கள் அவருடைய கேபிள் கேங்.

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை ஒரு ஸ்டேஷனில் பிரித்தால், காகிதத்தைக் கசக்கிப் போடுவது அடுத்த ஸ்டேஷனில். ஒருநாள் சிமெண்டு பூசுகிறவரையே பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, இது காய இவ்ளோ நேரமா? கொஞ்சம் சீக்கிரம் காயச் சொல்லுங்கலா!"

அந்த மனிதர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணனுக்குச் சிரிக்க ஏது நேரம்?

சோதனை ஓட்டத்துக்கு முதல்நாள் எங்களைக் கூப்பிட்டார். "நாளைக்கு ரயிலு ஓடலன்னா நம்ம கேங்க தூக்கிட்டு வேற கேங்க போட்டுருவாங்க. புரியுதா?"

அவர் பயந்ததெல்லாம் தண்டவாளத்தோரம் இருந்த ஒரு சின்னப் பெட்டிக்குத்தான். ரயில் சக்கரத்தை எண்ணும் பெட்டி அது. உள்ளே போன சக்கரம் வெளியே வரும்வரை, ரயில் அங்கேயே நிற்கிறது என்று அடம்பிடிக்கும். வேறு உலோகத்தைக் காட்டினாலும் ஏமாந்துவிடும் என்று ஒரு ஸ்பேனரைக்கூட அதன் பக்கம் வைக்க விடமாட்டார்.

மறுநாள் காலையில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் லெட்சுமி அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, புது வேலை. ஒரு சூடம் காட்டிக்கிறேனே?"

"டெஸ்ட் முடியட்டும்க்கா. சாமி எங்கயும் போயிடாது!" சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கன்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கிடாக்கி அலறியது. பாதையில் ஒரு ரயில் நிற்கிறதாம், டெஸ்ட் ரயிலை விட முடியாதாம். அட, எங்களிடம் இருந்ததே ஒரு ரயில்தான், அதுவும் டிப்போவில்! அண்ணன் பாதையோரமாக ஓடினார். இல்லாத ரயிலைத் தேடி ஒரு மனிதன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பின்னாலேயே மூச்சிரைக்க நாங்கள்.

அந்தப் பெட்டியின் முன்னால் லெட்சுமி அக்கா நின்றார். கையில் எவர்சில்வர் தட்டு, அதில் சூடம். புதுக் காருக்குச் சுற்றுகிற மாதிரி பெட்டிக்கு மேலே சுற்றியிருக்கிறார். அது தட்டைச் சக்கரம் என்று எண்ணித் தொலைத்துவிட்டது.

"ஐயோ தம்பி, என்னால எல்லாருக்கும் வேலை போச்சா?" அக்கா தட்டோடு பின்வாங்கினார்.

வாக்கிடாக்கி மறுபடி கத்தியது. "யார் செஞ்சது? அந்த ஆளு இனிமே இந்த சைட்ல இருக்கக் கூடாது!"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். "நான்தான். சாமி கும்பிட்டேன். ரீசெட் பண்ணி ரயில விடுங்க."

கோயில் வாசலைக்கூட ஓட்டமாகக் கடக்கிற மனிதர் சொல்கிறார்!

ரீசெட் செய்தார்கள். ரயில் எங்களைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. கேங் தப்பியது. அண்ணனை மட்டும் நாளையிலிருந்து வேறு சைட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவரோ அக்காவிடம் கேட்டார். "அப்படி என்னதான்க்கா வேண்டிக்கிட்டீங்க?"

"நீ ஒரு நிமிசமாச்சும் ஒரு இடத்துல உக்காரணும்னுதான் தம்பி."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த கேபிள் டிரம் மேல் மெல்ல உட்கார்ந்தார். எழுந்துவிடப் போகிறாரே என்று நாங்கள் யாருமே அசையவில்லை.