செயலாளரோடு எழுந்த நீல நாற்காலி

ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் பெரிய கெடுதல் வராது. அரைமணி நேரம் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவன்தான் ஆபத்தானவன். யாரையோ மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

ஊரப்பாக்கத்தில் கொல்லைப்புறத்தோடு இருந்த வாடகை வீட்டை விட்டு அஸ்தினாபுரம் ஃபிளாட்டுக்கு வர, என் மனைவி கௌரி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "மண்ணே இல்லாத வீட்ல என்னால இருக்க முடியாது. மொட்டை மாடியில செடி வைப்பேன். அசோசியேஷன்ல பர்மிஷன் வாங்குறது உங்க பொறுப்பு." வாங்கினேன். (காலில் விழவில்லை. குனிந்தது உண்மை.) இருபது பைகளில் மிளகாய், கத்தரி, வெண்டை என்று மாடியின் ஒரு பக்கமே பச்சையானது. அவளும் சிரித்த முகமாக இருந்தாள், நானும் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன்.

அப்புறம் மிளகாய் இலை சுருள ஆரம்பித்தது. குருத்தெல்லாம் ஓரம் மேலே மடங்கி, கப்பல் செய்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. பூவும் கொட்டியது. கௌரி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு பூவை அதன்மேல் இரண்டு தட்டு தட்டினாள். மஞ்சளாக, மெலிசாக, நூல் துணுக்கு போல நாலைந்து பூச்சிகள் தாளில் ஓடின.

"இலைப்பேன். இலை மேல் பக்கமா சுருண்டா இதுதான், கீழ் பக்கமா சுருண்டா சிலந்திப்பேன்" என்றாள். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படும்படி அடித்தாள். சுருண்ட குருத்துகளைக் கிள்ளி, ஒரு கவரில் போட்டு இறுக்கிக் கட்டினாள். வாரம் இரண்டு முறை இதையே செய்தால் போதும் என்றாள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

நான் உள்ளே புகுந்தேன். செடிக்குச் சத்துக் குறைவு என்று உரத்தை அள்ளிக் கொட்டினேன். மிளகாய் தளதளவென்று துளிர்த்தது. இளம் தளிர் கிடைத்த சந்தோஷத்தில் பூச்சிகள் குடும்பம் குடும்பமாகப் பெருகின. பிறகு, அவள் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும் என்றதை மதிக்காமல், உச்சி வெயிலில் வேப்பெண்ணெய் அடித்து இலையைக் கருக்கினேன். கௌரி தோசைக் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

இந்த நேரத்தில் மூன்றாவது மாடி மாலா அக்கா புகார் கொடுத்தார். மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியெல்லாம் பூச்சி, அதனால் தோட்டத்தை எடுக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டத்தில் முடிவு. செயலாளர் சபாபதி சார் ரயில்வேயில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்து ரிட்டையர் ஆனவர். எதையும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். "பர்மிஷன் போச்சுன்னா நான் ஊரப்பாக்கத்துக்கே போறேன். நீங்க இங்கயே இருங்க" என்றாள் கௌரி. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மறுபடி வீடியோ பார்த்தேன். இலைப்பேனுக்கு நீல நிறம் என்றால் உயிராம். நீல அட்டையில் விளக்கெண்ணெய் தடவி வைத்தால் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். நீல அட்டைக்கு எங்கே போவேன்? (கடைக்குத்தான். அது அப்போது தோன்றவில்லை.) படிக்கட்டு அறையில் அசோசியேஷனின் நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒன்றைக் கொண்டுவந்து மிளகாய்க்கு நடுவே போட்டேன். விளக்கெண்ணெயா? அதெல்லாம் சாதாரண மனிதர்களுக்கு. எலி பிடிக்கிற பசை இரண்டு ட்யூப் வாங்கி, முதுகு சாய்கிற இடம் முழுக்கத் தடவினேன். கௌரியிடம் சொல்லவில்லை. ரிசல்ட்டைக் காட்டி அசத்தலாம் என்று இருந்தேன்.

மறுநாள் கார் பார்க்கிங்கில் கூட்டம். நான் எழுந்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "எங்க தோட்டத்துல ஒரு பூச்சிகூட கிடையாது சார்!"

கௌரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சபாபதி சார் பேனாவை மூடினார். "பேச்சு எதுக்கு? மேல போய் நேர்லயே பாத்துடுவோம்."

லிஃப்ட் இல்லாத கட்டடம். வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைய, மூச்சு வாங்க மாடிக்கு வந்தவர், மிளகாய்க்கு நடுவே ஒரு நாற்காலி பளபளவென்று காத்திருப்பதைப் பார்த்தார். நான் அப்போது மாலா அக்காவிடம் இயற்கை விவசாயத்தின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். திரும்பினால், சார் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"செடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் முடிவு என்னன்னா..." என்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா சார், சேரையும் இட்டுகினு எய்ந்துகினீங்க?"

இரண்டு பேர் நாற்காலியை இழுக்க, இரண்டு பேர் சாரை இழுத்தார்கள். கடைசியில் அவரே பட்டனைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். சட்டை மட்டும் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. செயலாளர் பனியனோடு நின்றார். "யார் வேலை இது?" என்றார். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த நிமிடம் கத்தரிச் செடிக்குப் பின்னால் ஒளிந்தால் ஆள் தெரியுமா என்றுகூட யோசித்தேன்.

கௌரி முன்னால் வந்தாள். "பூச்சி இருக்கு சார். அவர் சொன்னது பொய்." ஒரு மிளகாய்ப் பூவைப் பறித்து, நாற்காலியில் விரிந்திருந்த வெள்ளைச் சட்டை மேலேயே தட்டினாள். சின்னச் சின்ன மஞ்சள் துணுக்குகள் சட்டைப்பை பக்கமாக ஓடின. "இதுதான் இலைப்பேன். பூவுக்குள்ள ஒளிஞ்சுக்கும். துணியில எப்பவாவது வந்து உக்காரும், பட்டா சுருக்குங்கும், அவ்வளவுதான். நான் மருந்து அடிச்சு, குருத்து கிள்ளி அடக்கி வெச்சிருந்தேன். இவரு நடுவுல வந்து வளத்து விட்டாரு. ஒரு மாசம் டைம் குடுங்க சார். மாலா அக்கா, உங்க கொடியை நாளைக்கே அந்தப் பக்கம் மாத்திக் கட்டித் தரேன்."

சபாபதி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் சட்டை மீது குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். இன்ஸ்பெக்‌ஷன் ரத்தம் அல்லவா! "அட, ஓடுதே!" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே மினிட்ஸ் புத்தகத்தை வாங்கி, பனியனோடு நின்றபடி எழுதி, உரக்கப் படித்தார்: "மாடித் தோட்டம் தொடரலாம். மருந்து, உரம், பொறி மூன்றும் திருமதி கௌரியின் பொறுப்பு. கணவர் தண்ணீர் ஊற்றலாம், கேட்டுக்கொண்டு." முதல் ஆளாகக் கை தூக்கியவள் கௌரி.

அந்தச் சட்டை கடைசிவரை வரவில்லை. கத்தரித்து எடுத்தோம், முதுகுத் துண்டு மட்டும் நாற்காலியிலேயே தங்கிவிட்டது. மாதம் முடிவதற்குள் மிளகாய் நேராகத் துளிர்த்துக் காய்த்தது. முதல் பறிப்பு சபாபதி சார் வீட்டுக்கும் மாலா அக்கா வீட்டுக்கும் போனது.

போன மாதம் மாலா அக்கா பெண்ணின் கல்யாணம், தாம்பரத்தில். மண்டபத்தில் எங்கள் ஃபிளாட்காரர்கள் ஒரு வரிசையாக நுழைந்தோம். சபாபதி சார் உட்காருவதற்கு முன் நாற்காலி முதுகை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். பின்னாலேயே வரிசை முழுக்கத் தடவிவிட்டு உட்கார்ந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இதைக் கவனித்துவிட்டு மாலா அக்காவிடம், "இது உங்க பக்கத்து வழக்கமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அக்கா, சிரிக்காமல்.

அவரும் தன் நாற்காலியை ஒரு முறை பயபக்தியோடு தடவிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.