கூப்பிடும் பெட்டி

"சாப்பாடு எங்கம்மா போடறீங்க?"

ஜெமிமா வெளியே வந்து பார்த்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத மூன்று பேர் அவள் வீட்டுக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க சாப்பாடு போடலீங்களே."

"இன்னாம்மா இப்டி சொல்ற? ஒரு அம்மா கூப்ட்டாங்க, வந்தோம்."

ஜெமிமாவுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் அந்தப் பெட்டியின் வேலை.

அம்மா ரெபேக்காள் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் ரயிலில் போனால் ராத்திரிதான் திரும்புவாள். அப்பா குவைத்தில். பிளஸ் ஒன் படிக்கும் ஜெமிமா பூட்டைத் திறந்து உள்ளே வரும்போது வீட்டில் ஃபிரிட்ஜ் ஒன்றுதான் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகல் பொறுக்காமல் அவளே செய்த பெட்டி அது. கேட்டைத் தாண்டி ஆள் வந்தால் சென்சார் கண்டுகொள்ளும். அம்மா எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல், ஜெமிமாவின் செல்போனிலிருந்து ஸ்பீக்கரில் பேசும்.

"வந்துட்டியா கண்ணு? கை கால் கழுவினு வா, சாப்டலாம்."

"வந்துட்டேம்மா" என்று தினமும் இவளும் பதில் சொல்வாள். பள்ளியில் மட்டும் அதைத் திருடன் பிடிக்கும் கருவி என்று சொல்லிவைத்திருந்தாள்.

இன்று ஆடிக் கிருத்திகை. பள்ளிக்கு லீவு, அம்மாவுக்கு இல்லை. முருகன் கோயில் மலையிலிருந்து இறங்குகிற கூட்டம் முழுக்க இந்தத் தெரு வழியாகத்தான் போகும். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அன்னதானம். பெண் குரல் ஒன்று சாப்பிடக் கூப்பிட்டால் பசித்தவன் வேறு என்ன நினைப்பான்?

"அது மிஷினுங்க" என்றாள்.

"மிஷினோ மனுசனோ, கூப்ட்டாச்சு. கிருத்திகை அன்னிக்கி வந்தவன வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது." பள்ளிப்பட்டு எல்லப்பன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட பெரியவர், வேத வசனக் காலண்டருக்கு நேர் கீழே சம்மணம் போட்டுக் குந்தினார். "இன்னா கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு."

எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "முருகா."

"இருங்க, உப்புமா கிண்டறேன்."

உப்புமா வேகும் நேரத்தில் சென்சாரைக் கேட்டிலிருந்து கழற்றி வாசற்படிக்கு மாற்றினாள். இனிமேல் தெருவில் போகிறவர்களைப் பார்த்து அது பேசாது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரக் குடும்பம், ஆறு பேர், படியேறிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா கண்ணு?" என்றது பெட்டி.

"வந்துட்டோம்மா" என்றார்கள் ஆறு பேரும்.

ஜெமிமா சென்சாரை வீட்டுக்குள் பார்க்கத் திருப்பிவைத்தாள். அது இன்னும் மோசம். அவள் தட்டோடு குறுக்கே போகும்போதெல்லாம் பெட்டி கை கால் கழுவச் சொன்னது. தறிக்காரர் பேத்தி அபி ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தாள்.

"நாலு வாட்டி கழுவிட்டேம்மா."

"பெரியவங்க சொன்னா கேக்கணும், போ" என்றாள் அவள் அம்மா சந்திரா.

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் கேட் அருகே வந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் போனபிறகு தனியாக இருப்பவள். இரண்டு வருஷத்தில் அவள் ஜெமிமாவிடம் பேசியது மொத்தமே இரண்டு வார்த்தை: சவுண்ட கொறை.

"இன்னா பொண்ணே, ஒரே கூட்டம்?"

"மிஷின் கூப்ட்டுகினே கீதுங்க. இன்னா பண்ணாலும் ஆள் வராங்க."

"ஆங், வருவாங்க. ரவை கீதா?"

"தீந்துபோச்சுங்க."

கோவிந்தம்மாள் வீட்டுக்குப் போய் இரண்டு கிலோ ரவையும் ஒரு கட்டு இலையுமாக வந்தாள். கையில் திணித்தாள். தெருமுனைப் பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். கூச்சல் பிடிக்காமல் ஓடுகிறாள் என்று ஜெமிமாவுக்குத் தோன்றியது.

கடைசியில் மனசில்லாமல் பேட்டரியையே உருவினாள். பெட்டி பாதி வார்த்தையில் அடங்கியது.

அடுத்த கால்மணியில் பதினோரு பேர் வந்தார்கள்.

சரி, பெட்டி ஆரம்பித்து வைத்ததை ஊர் வாய் நடத்துகிறது என்று எண்ணிக்கொண்டாள். அம்மா வந்து இந்த எச்சில் இலைக் குவியலைப் பார்த்தால் பெட்டி தெருவில்தான் கிடக்கும். அதற்கு முன்னால் தானே முடித்துவிடலாம். செல்போனை எடுத்து அந்தக் குரல் இருந்த இடத்தைத் தேடினாள். வேறு எங்கும் பதிந்து வைத்திருக்கவில்லை. அழித்தால் போனது போனதுதான். நாளைக்குப் பூட்டைத் திறந்தால் மறுபடி ஃபிரிட்ஜ்.

"பாப்பா, நீ சாப்ட்டியா?" எல்லப்பன் கேட்டார்.

"அப்புறம் சாப்டறேங்க."

"வூட்டுக்காரங்க சாப்டாம நாங்க எப்டி ஏந்திரிக்கறது? குந்து."

சந்திரா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். இலை போட்டு, ஆறிப்போன உப்புமாவை அள்ளிவைத்தாள். அபி நகர்ந்து இடம் விட்டாள். ஜெமிமா ஒரு வாய் போட்டாள். உப்பு இல்லை. இத்தனை பேர் சாப்பிட்டும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"யாருமே உப்பு கேக்கலியே."

"நல்லாத்தான இருந்துச்சு" என்றார் எல்லப்பன், பொய் சொல்லத் தெரியாத முகத்தோடு. பந்தியே சிரித்தது. ஜெமிமாவுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது.

"மன்னிச்சிக்கங்க. இந்த மிஷினாலதான் வழியில போறவங்களுக்கெல்லாம் தொந்தரவு. இப்பவே அந்தக் கொரல அழிச்சிடறேன்" என்று செல்லை எடுத்தாள்.

சந்திரா அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அத ஏன் கண்ணு அழிக்கற? எங்கள அனுப்புனது மிஷின் இல்ல. தெருமுனையில ஒரு அம்மா நின்னுகினு, 'எதிர்வூட்டுப் பொண்ணு தெனம் மிஷின்கூட பேசிகினு தனியா சாப்டுது, போய்க் கூட ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போங்க'ன்னு காலையிலர்ந்து போறவங்க வர்றவங்களயெல்லாம் கெஞ்சிகினு கீறாங்க."