நாங்க நாலு பேர்

"ஐயாவின் இடுப்பு நேற்றைவிட இன்று சிறியதாக இருக்கிறதே. அவருக்கு உடல்நலம் சரியில்லையா?"

கொடியில் தொங்கிய பேண்ட்டைப் பார்த்தபடி அந்த வெளிநாட்டுப் பள்ளி மாணவி கேட்டாள். உதட்டில் கவ்வியிருந்த குண்டூசி வயிற்றுக்குள் போகாதது தையல்காரம்மா செய்த புண்ணியம்.

"கொஞ்சம் இளைச்சிட்டாரும்மா. வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கல."

"ஆனால் போன வாரம் மிகவும் பருமனாக இருந்தாரே?"

"அது வந்து... அவர் உடம்பு வாகு அப்படி. ஏறும், இறங்கும்."

ஐயா என்று அந்த வீட்டில் யாரும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு தையல்காரம்மா தனிக்கட்டை. பிள்ளைகுட்டி கிடையாது. பகலில் துணிக்கடையின் பின்கட்டில் ஆல்டரேஷன் வேலை. முடியாததை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள். அப்படி வந்த துணிகளில் ஆம்பளைத் துணியாகப் பார்த்துக் கொடியில் போட்டுவிட்டால் அன்றைக்கு அதுதான் கணவர். வெளியூர் வேலை, நடுராத்திரி வந்து துணி மாற்றிக்கொண்டு விடியுமுன் போய்விடுவார் என்று சொல்லிவைத்திருந்தாள். கஷ்டம் என்னவென்றால், கணவரை மறுநாள் கஸ்டமர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

எல்லாம் ஒரு நோட்டீஸால் வந்த வினை. வெளிநாட்டு மாணவர்களுக்கு உங்கள் குடும்பத்தில் இடம் தாருங்கள் என்று துணிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இரவு சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவள் அவள். போன் போட்டுவிட்டாள்.

"வீட்ல எத்தன பேரு இருக்கீங்க?" என்று கேட்டார் திட்டக்காரர். மாணவர்களை வீடுகளில் சேர்த்துவிட்டு மேற்பார்வை பார்ப்பவர் அவர்.

நோட்டீஸில் குடும்பம் என்று போட்டிருந்ததே, ஒருத்தி என்றால் தருவார்களா? "நாங்க நாலு பேர் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தாள். தான், தையல் மெஷின், உறுமுகிற ஃபிரிட்ஜ். அப்படியும் ஒன்று குறைந்தது. கணக்குக்குப் பல்லியைச் சேர்த்துக்கொண்டாள்.

வந்த பெண்ணின் பேர் வாயில் நுழையவில்லை. மூச்சுக்கு மூச்சு கேள்வி கேட்டதால் 'கேள்வி' என்றே கூப்பிட ஆரம்பித்தாள். கேள்வி ஏதோ புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் படித்தவள். பாடநூல் எழுந்து வந்து பேசுவது மாதிரி பேசுவாள். முதல் நாளே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "நாங்கள் சாப்பிடலாமா?" என்றாள்.

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. அறியாத பெண் சொன்னதற்குக் கோபப்படக்கூடாதுதான். ஆனாலும் வலித்தது.

"நாங்கன்னா நான் சேத்தி இல்லடி. நீயும் வேற யாரோவும். நாமன்னு சொல்லு. அதுல நானும் இருக்கேன்."

"அப்படியென்றால் 'நாங்கள்' கெட்ட சொல்லா?"

"கெட்டதில்ல. இந்த வீட்ல வேணாம்."

கேள்வி சொன்ன சொல் தட்டாதவள். அன்றோடு 'நாங்கள்' ஒழிந்தது. "நாம் இன்று பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடினோம், அம்மா" என்பாள். "நாம் கணக்கில் தோற்றோம்" என்பாள். நாள் முழுக்கப் பின்கட்டில் குனிந்து தைத்த தையல்காரம்மா, சாயங்காலம் தானும் ஓடி, தானும் தோற்றதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தப்பு என்று தெரியும். திருத்துவதுதான் அவள் பிழைப்பு. ஆனாலும் இதை மட்டும் திருத்தவில்லை.

ஒரு பொய்யைக் காப்பாற்ற வேலை கூடிக்கொண்டே போனது. ரெண்டு பள்ளிக்கூட யூனிபார்ம் வந்தபோது ஹாஸ்டலில் படிக்கும் இரட்டைப் பையன்கள் பிறந்தார்கள். அதில் ஒரு சட்டையை மட்டும் பிரித்துப் பெரிதாக்கிக் கொடியில் போட்டதும், இரட்டையரில் ஒருவன் மட்டும் ஏன் திடீரென்று வளர்ந்துவிட்டான் என்று கேள்வி கவலைப்பட்டாள்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது.

"அம்மா, திட்டக்காரர் வழக்கம்போல நலம் விசாரிக்கத் தொலைபேசியில் அழைத்தார். நான் நம் வீட்டைப் பற்றி நிறையப் பேசினேன். சனிக்கிழமை மதியம் வருகிறாராம்."

"இங்கயா? எதுக்காம்?"

"தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று 'வருகிறேன்' என்றார்."

தையல்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சோதனைதான், வேறென்ன? இடுப்பு ஏறி இறங்குகிற கணவரைப் பற்றி இந்தப் பெண் உளறியிருப்பாள். வந்து பார்ப்பார், வேறு வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார். சனிக்கிழமை மதியம் ஒன்றுதான் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற மதியம். இனி அதுவும் போச்சு. மறுபடியும் மெஷினைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான் என்று நினைத்தபோது கண் கலங்கியது. மூக்கைச் சிந்திவிட்டுக் கீழ் வீட்டுக்கு இறங்கினாள்.

"உங்க வீட்டுக்காரர அரை மணி நேரம் தர முடியுமா?" என்று பிளம்பரின் மனைவியிடம் கேட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றாள் அந்த அம்மா. "சாப்பாடும் போட்டே அனுப்பிடுங்க."

சனிக்கிழமை நாலு தட்டு வைத்தாள். மூட்டையில் இருந்ததிலேயே நல்ல பேண்ட்டாக எடுத்துக் கொடியில் போட்டாள். பிளம்பர் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பள்ளியிலிருந்து வந்த கேள்வி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அதிசயமாக ஒன்றும் கேட்கவில்லை.

திட்டக்காரர் புதுச்சட்டை போட்டு, கையில் ஒரு பை ஆப்பிளோடு வந்து நின்றார். சோதனை போட வருகிறவர் பழத்தோடு வந்தால் தீர்ப்பை முன்னாலேயே எழுதிவிட்டார் என்று அர்த்தம். தையல்காரம்மா பையை வாங்கக் கை நீட்டவில்லை.

"வாங்க சார், உக்காருங்க" என்றார் பிளம்பர். "அக்கா, சாருக்குத் தண்ணி குடுங்க."

திட்டக்காரர் திரும்பினார். "அக்காவா?"

"மரியாதைக்கு சார். கல்யாணம் ஆன நாள்லேருந்து அக்கான்னுதான் கூப்பிடுவேன்."

தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திட்டக்காரர் கொடிப்பக்கம் நின்றிருந்தார்.

"இந்தப் பேண்ட்..."

"என்னுதுதான் சார்" என்றார் பிளம்பர், கொடுத்த வேலையில் குறைவைக்காமல்.

"முழங்கால் பக்கத்துல இந்த மைக்கறை?"

"எழுதும்போது பட்டுடுச்சு சார். நான் நிறைய எழுதுவேன்."

"ஏங்க, இது என் பேண்ட்ங்க! இடுப்பு இறுக்குதுன்னு துணிக்கடையில பிரிச்சுத் தைக்கக் குடுத்திருந்தேன்!"

பிளம்பர் எழுந்தார். "அக்கா, உங்க சமையல்கட்டுக் குழாய் சொட்டுது. பாத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே மறைந்தார்.

அதற்குமேல் தையல்காரம்மாவால் முடியவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நான் ஒருத்திதான் சார். வேற யாரும் இல்ல. கொடியில தொங்கறது எல்லாம் ஊரார் துணி. தனியா இருக்க முடியல, அதான் பொய் சொல்லிட்டேன். இனிமே சொல்ல மாட்டேன். இந்தப் பொண்ண மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

கேள்வி மெல்ல வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"அம்மா, ஐயா இல்லை என்பது நமக்கு முதல் வாரமே தெரியும். அவருக்குப் பல் துலக்கும் பிரஷ் இல்லை."

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லுங்க சார். சோதன போட வந்தீங்க, எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

திட்டக்காரர் ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கேள்வியைப் பார்த்தார். மேஜைமேல் வைத்திருந்த நாலு தட்டையும் பார்த்தார். அவர் காதெல்லாம் சிவந்திருந்தது.

"சோதனையா? யாருங்க சோதன போட வந்தது? 'சனிக்கிழமை மதியம் நாம் சேர்ந்து சாப்பிடுவோம்'னு இந்தப் பொண்ணு போன்ல சொல்லிச்சு. என்னையும் சேத்து நாமன்னு சொல்ல ஒரு ஆள் இருக்குதேன்னுதான் ஓடி வந்தேன்!"